மாஸ்டர், எங்கள் காலையும் கொஞ்சம் பாருங்கள்

தமிழ்நாட்டில் டிரைவிங் ஸ்கூல் நடத்துகிறவர்களுக்கும், பக்கத்து சீட்டில் உட்கார்ந்து சொல்லித்தரும் மாஸ்டர்களுக்கும் வணக்கம்.

நாற்பது வயதுக்கு மேல் கார் ஓட்டக் கற்றுக்கொண்டவள் நான். எல்.எல்.ஆர். எடுத்து, ஒரு மாதம் விடியற்காலையில் வகுப்புக்குப் போய், ஆர்.டி.ஓ. ஆபிஸில் ஓட்டிக் காட்டி லைசென்ஸ் வாங்கினேன். சீட்டை எவ்வளவு முன்னால் இழுப்பது, கண்ணாடியை எப்படித் திருப்புவது, கிளட்சை எப்போது விடுவது என்று எல்லாம் சொல்லிக்கொடுத்தார்கள். காலில் என்ன போட்டுக்கொண்டு வந்திருக்கிறேன் என்று மட்டும் ஒருவரும் பார்க்கவில்லை. பால் வாங்கப் போகும்போது மாட்டிக்கொள்ளும் அதே ரப்பர் செருப்புதான்.

லைசென்ஸ் வந்த மூன்றாவது வாரம். செருப்பு வழுக்குகிறதே என்று கழற்றி, சீட்டுக்கு அடியில் தள்ளிவிட்டு வெறுங்காலோடு ஓட்டினேன். சிக்னலில் சிவப்பு விழுந்தது. பிரேக்கை அழுத்தியதும் வண்டி வேகம் குறைந்தது. அடியில் கிடந்த செருப்பில் ஒன்று சறுக்கி முன்னால் வந்திருக்கிறது, எனக்குத் தெரியவில்லை. முன்னால் நின்ற ஆட்டோ கொஞ்சம் நகர்ந்தது, நானும் காலைத் தளர்த்தினேன். திரும்ப மிதித்தபோது பெடல் பாதியிலேயே மெத்தென்று நின்றுவிட்டது. ஹேண்ட்பிரேக்கை இழுப்பதற்குள் ஆட்டோவின் பின்பக்கத்தைத் தொட்டுவிட்டேன். நல்லவேளை, நடை வேகம்தான்.

ஆட்டோக்காரர் இறங்கி வந்தார். திட்டப் போகிறார் என்று நினைத்துக்கொண்டே கண்ணாடியை இறக்கினேன். பெடலுக்கு அடியிலிருந்து நான் செருப்பை உருவுவதைக் கொஞ்ச நேரம் பார்த்தார். "செருப்ப அந்தப் பக்கத்து சீட்டுக்குக் கீழ போட்டுக்கோங்கக்கா" என்றார். ஃபீஸ் கட்டிப் படித்த ஒரு மாதத்தில் யாரும் சொல்லாத பாடம் அது.

உங்கள் தவறு என்று சொல்ல வரவில்லை. பயிற்சி வண்டியில் இரட்டைக் கட்டுப்பாடு இருக்க வேண்டும் என்பது விதி. உங்கள் காலடியிலும் ஒரு பிரேக், ஒரு கிளட்ச் உண்டு. என் கால் ஒரு நொடி தாமதித்தால் உங்கள் கால் முந்திக்கொள்ளும். என் செருப்பு செய்த தவறை உங்கள் கால் சரிக்கட்டிவிடுவதால், அப்படி ஒரு தவறு இருந்ததே நம் இருவருக்கும் தெரியாமல் போகிறது. அந்த இரண்டாவது பிரேக் இல்லாத வண்டியில் ஏறும்போதுதான் அது வெளியே வருகிறது.

அப்புறம், சட்டம். செருப்பு போட்டு ஓட்டினால் 1000 ரூபாய் அபராதம் என்று வாட்ஸப்பில் சுற்றிக்கொண்டே இருக்கிறது. அப்படி ஒன்றும் இல்லை. 2019 செப்டம்பரில் திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டம் நடைமுறைக்கு வந்து அபராதங்கள் எகிறியபோது இந்தப் புரளியும் சேர்ந்து கிளம்பியது. அரைக்கைச் சட்டைக்கும் லுங்கிக்கும் செருப்புக்கும் புதிய சட்டத்தில் அபராதம் கிடையாது என்று மத்திய அமைச்சர் நிதின் கட்கரியின் அலுவலகமே அந்த மாதம் ட்விட்டரில் மறுக்க வேண்டியிருந்தது. தலைக்கு ஹெல்மெட் வேண்டும் என்று சட்டத்தின் 129ஆவது பிரிவு சொல்கிறது. பைக்கில் பின்னால் உட்காருகிறவரின் சேலை சக்கரத்தில் சிக்காமல் இருக்க, பின்சக்கரத்தில் பாதிக்குக் குறையாமல் மூடியிருக்க வேண்டும் என்று மத்திய மோட்டார் வாகன விதிகளில் 123ஆவது விதி இருக்கிறது. தலைக்கும் சேலைக்கும் யோசித்தவர்கள் செருப்பை விட்டுவிட்டார்கள்.

அபராதம் போடுங்கள் என்று கேட்கும் ஆள் நான் இல்லை. செருப்புக்கு ஃபைன் என்று ஆரம்பித்தால் முதலில் மாட்டுவது காய்கறி மூட்டையோடு டிவிஎஸ் எக்ஸ்எல்லில் போகிறவர்தான். பிரிட்டனின் சாலை விதிப் புத்தகமான ஹைவே கோடில் 97ஆவது விதி எனக்குப் பிடித்திருக்கிறது. வண்டியைச் சரியாக இயக்குவதற்கு உடையும் காலணியும் இடைஞ்சலாக இருக்கக் கூடாது என்பதோடு, காலணி விஷயத்தில் அது நின்றுவிடுகிறது. எந்தச் செருப்பு ஆகும், எது ஆகாது என்ற பட்டியல் அதில் இல்லை.

அந்த இடைஞ்சலைக் காட்ட உங்களைவிட நல்ல ஆள் யார்? குதிகாலைத் தரையில் ஊன்றி, ஆக்சிலேட்டரிலிருந்து பிரேக்குக்குப் பாதத்தைத் திருப்பச் சொல்லித் தருகிறீர்கள். பின்வார் இல்லாத செருப்பில் பாதம் திரும்பும், செருப்பு திரும்பாது. அதன் நுனி மடங்கிப் பெடலுக்கு அடியில் போய் மாட்டும். ஹீல்ஸ் போட்டால் ஊன்றுவதற்குக் குதிகால் தரையிலேயே இருக்காது. தடித்த அடிப்பாகம் உள்ள ஷூவில் கிளட்ச் பிடிக்கிற இடம் காலுக்குத் தெரியாது. வண்டி குலுங்கி நிற்கும், நீங்கள் "மெதுவா விடுங்க மேடம்" என்பீர்கள். மெதுவாகத்தான் விட்டேன் சார், தெரியவில்லை, அவ்வளவுதான். மழை நாளில் ஈர ரப்பர் வேறு.

வெறுங்கால் தப்பா என்று கேட்பார்கள். செருப்பை ஓரமாக விட்டுவிட்டு வருடக்கணக்காக வெறுங்காலில் பஸ்ஸும் லாரியும் ஓட்டுகிற அண்ணன்களைப் பார்த்திருக்கிறோம். அவர்கள் கால் பழகியது. புதிதாகக் கற்றுக்கொள்கிறவருக்கு, அவசரத்தில் முழு பலத்தோடு மிதிக்கும்போது வெறும் பாதம் வலித்துப் பின்வாங்கும், வியர்த்தால் வழுக்கும். எப்படி ஓட்டினாலும் சரி, கழற்றியது எங்கே கிடக்கிறது என்பதுதான் கேள்வி. தண்ணீர் பாட்டிலும் கொக்கியில் மாட்டாத கால்மிதியும் செய்வது அதே வேலைதான்.

பைக் கற்றுத்தருகிறவர்களிடமும் ஒரு வார்த்தை. ஸ்கூட்டரைக் காலூன்றி நிறுத்தும் இடத்தில் மணல் இருந்தால், தேய்ந்த செருப்பு முதலில் போகும், அதன் பின்னால் கால் போகும், அப்புறம் வண்டி சாயும். கியர் வண்டியில் இடது கால் பெருவிரலின் மேல்பக்கம் லீவரில் தேய்ந்து காய்த்துப்போனவர்கள் ஊருக்குப் பத்துப் பேர் இருப்பார்கள்.

நான் கேட்பது முதல் வகுப்பில் ஐந்து நிமிடம். சாவியைக் கொடுப்பதற்கு முன் மாணவரின் காலைப் பாருங்கள். வண்டி நிற்கும்போதே, பெடலுக்கு அடியில் ஒரு செருப்பை வைத்து பிரேக்கை மிதிக்கச் சொல்லுங்கள். பெடல் பாதியில் நிற்பது எப்படி இருக்கும் என்று அந்தக் கால் ஒருமுறை தெரிந்துகொள்ளட்டும். பின்வார் உள்ள, மெல்லிய அடிப்பாகம் கொண்ட ஏதாவது ஒரு ஜோடி போதும். விலை உயர்ந்த ஷூ வேண்டியதில்லை. என்னுடையது இப்போது காரிலேயே இருக்கிறது, அந்தப் பக்கத்து சீட்டுக்குக் கீழே. ஏறியதும் மாற்றிக்கொள்கிறேன், ரப்பர் செருப்பு அதன் இடத்துக்குப் போகிறது.

இப்படிக்கு,
உங்கள் பழைய மாணவிகளில் ஒருத்தி