மன்னார்குடி கபடி மைதானத்தில் பார்த்த 7ஆம் நம்பர் அக்காவுக்கு

போன மாசம், கல்லூரிகளுக்கு இடையிலான இறுதிப்போட்டி. கடைசி ரெய்டு, 30 விநாடிதான். கோட்டைத் தொடுவதற்குள் கணுக்கால் பிசகி விழுந்தேன். தோற்ற கோபத்தில் எங்கள் டீமில் யாரும் திரும்பிப் பார்க்கவில்லை.

என்னை அமுக்கிப் பிடித்ததே நீங்கள்தான், அக்கா. ஜூஸ் கடையில் ஐஸ் வாங்கி, உங்கள் துண்டிலேயே சுற்றிக் கட்டினீர்கள். உங்கள் முழங்கையில் ஒட்டிய மண்ணைக்கூடத் தட்டிவிடவில்லை. அப்புறம் கும்பகோணம் பஸ்ஸில் ஏற்றி, "காலை நீட்ட எடம் குடுங்கண்ணே" என்று கண்டக்டரிடம் சொன்னீர்கள். அந்நேரம் உங்கள் டீம் கோப்பையோடு போட்டோ எடுத்துக்கொண்டிருந்தது.

ஜெயித்தால்தான் நான் நான் என்று இருந்தவள். இப்போது ஜூனியர் யாரையாவது மடக்கினால், தூக்கிவிட முதலில் என் கைதான் போகிறது.

நன்றி அக்கா. துண்டைத் துவைத்து வைத்திருக்கிறேன்.