செயலாளர் ஆண்டறிக்கை: சங்கத்து அம்பாசடரின் பிரேக்கும் மற்ற விஷயங்களும்

அண்ணாச்சிமார், அக்காமார், இளைய உறுப்பினர்கள் எல்லோருக்கும் வணக்கம்.

நம் பழைய வண்டிச் சங்கத்தின் மாதக் கூட்டம் 12க்கு 9 நடந்தது. ஆயுத பூஜைக்கு வண்டிகளுக்குச் சந்தனம் பூசி பொரிகடலை கொடுத்தோம். பொங்கலுக்குப் பாளையங்கோட்டையில் வண்டிகளைக் காட்சிக்கு நிறுத்தினோம், நல்ல கூட்டம்.

இந்த ஆண்டின் பெரிய வேலை, சங்கத்தின் மார்க் டூ அம்பாசடருக்கு பிரேக் மாற்றியதுதான். “ஒரிஜினலா இருந்த வண்டியைக் கெடுத்துட்டாரு” என்று சிலர் பேசுவது என் காதுக்கும் வந்தது, அதனால் நடந்ததை விவரமாகவே எழுதிவிடுகிறேன்.

சொரிமுத்தையனார் கோயிலுக்குப் போய்விட்டு மலை இறங்கிய அன்று நடந்தது வண்டியில் இருந்த ஐந்து பேருக்கும் தெரியும். ஒரு வளைவில் பெடல் பஞ்சு மாதிரி அமுங்கியது, அடுத்த வளைவில் பலகையைத் தொட்டுவிட்டது. செகண்ட் கியருக்கு இறக்கி, ஹேண்ட் பிரேக்கை இழுத்து, மலைச்சுவர் பக்கமாக ஒதுக்கித்தான் நிறுத்தினேன். பின் சீட்டில் ஒரு சின்னப் பிள்ளை இருந்தது. அன்று ராத்திரி எனக்குத் தூக்கமே வரவில்லை.

டிரைவர் காலடியில் விரிப்பைத் தூக்கி, பெடல் மிதியை ஆயில் அழுத்தமாக்கி வீலுக்கு அனுப்பும் மாஸ்டர் சிலிண்டரைக் கழற்றினால், ஆயில் கடுங்காப்பி நிறத்தில் இருக்கிறது, உள்ளே துரு. பிரேக் ஆயில் காற்றில் உள்ள ஈரத்தை உறிஞ்சும். டாட் 3 என்ற தரத்து ஆயில் புதிதாக இருக்கையில் குறைந்தது 205 டிகிரி சூடு வரை கொதிக்காமல் தாங்க வேண்டும், ஈரம் ஏறிவிட்டால் அந்த அளவு 140 வரை இறங்கிவிடும். கொதித்து ஆவியானால் நம் மிதி அந்த ஆவியை அமுக்குவதிலேயே தீர்ந்துபோகும், வீலுக்குப் போய்ச் சேராது. போதாததற்கு நாலு வீலிலும் டிரம் பிரேக், அதாவது சுற்றும் டிரம்மின் உள்ளே ஷூ விரிந்து அதன் லைனிங் உரசி நிறுத்துவது, சூடானால் டிரம் விரிந்து லைனிங்கை விட்டு விலகும். எல்லா வீலுக்கும் ஒரே லைன் வேறு, ஒரு ஹோஸ் வெடித்தால் நாலு வீலுக்கும் பிரேக் கிடையாது. ஆனித் தேரோட்டத்தில் வடம் பிடிக்க எத்தனை ஆயிரம் பேர் வந்தாலும் முட்டுக்கட்டை போடுகிறவர் இல்லாமல் தேரை நகர்த்துவோமா?

அதனால் முன்பக்கம் வட்டத் தகட்டை இரண்டு பக்கமும் பேட் கவ்விப் பிடிக்கும் டிஸ்க் பிரேக், ஒரு லைன் போனாலும் மற்றது பிடிக்கும்படி இரண்டு அறை உள்ள மாஸ்டர் சிலிண்டர், புதுக் குழாய், புது ஹோஸ், டாட் 4 ஆயில் போட்டோம். டிரம்மில் சுற்றுகிற வேகமே ஷூவை இழுத்து இறுக்கும், டிஸ்க்குக்கு அந்த உதவி கிடையாது, எனவே மிதிக்குப் பலம் கூட்டும் வேக்குவம் பூஸ்டரும் தேவைப்பட்டது. பின்பக்கம் டிரம்மே இருக்கிறது. சேசிஸில் ஒரு வெட்டுக்கூட விழவில்லை. கழற்றிய சாமான் எல்லாம் கிரீஸ் தடவி, சீட்டு கட்டி, ஷெட்டில் சாக்குப்பையில் இருக்கிறது, யார் வேண்டுமானாலும் வந்து பார்க்கலாம். 50 வருடம் தாண்டிய வண்டிகளுக்காக 2021இல் வந்த விண்டேஜ் விதியும் பாடி, சேசிஸ், இன்ஜின் மாற்றத்தைத்தான் பெயர் சொல்லித் தடுக்கிறது.

முதல் ஓட்டத்தில் வீரவநல்லூர் தாண்டியதும் கருகல் வாடை அடித்தது. இறங்கி முன் வீலில் தண்ணீர் தெளித்தேன், சுர்ரென்றது. லைனில் கொஞ்சம் அழுத்தத்தைத் தங்கவைக்கும் வால்வு ஒன்று உண்டு, டிரம்முக்கான 10 பவுண்டு வால்வை டிஸ்க் லைனிலும் போட்டிருந்தோம், அது அழுத்தத்தை அதிகமாகப் பிடித்து வைத்துக்கொண்டு பிரேக் பேட் டிஸ்க்கை விடவே இல்லை. சரிபார்க்காதது என் தவறு. மாஸ்டர் சிலிண்டர், பேடை அழுத்தும் காலிப்பரை விடத் தாழ்வாக இருப்பதால் வால்வை அடியோடு எடுக்கவும் முடியாது, ஆயில் திரும்பி இறங்கிவிடும். 2 பவுண்டு வால்வு போட்டதும் சரியானது. அப்புறம் அதே மலையில் ஏறி இறங்கினோம், கடைசி வளைவு வரை பெடல் ஒரே உயரத்தில் நின்றது.

இதில் ஒன்றை மனசு விட்டுச் சொல்கிறேன். பிரேக் லைனில் சிக்கிய காற்றை வெளியேற்ற, அதாவது ஏர் எடுக்க, இரண்டு பேர் வேண்டும், ஒருவர் பெடலை மிதிக்க வேண்டும், ஒருவர் வீலில் நிப்பிளைத் திறந்து மூட வேண்டும். மூன்று ஞாயிறு குழுவில் செய்தி போட்டேன், பார்த்ததற்கான நீலக்குறி விழுந்ததே தவிர ஒருவரும் வரவில்லை. கடைசியில் என் வீட்டுக்காரம்மாதான் சமையலை முடித்துவிட்டு வந்து, நான் “மிதி, பிடி, விடு” என்று சொல்லச் சொல்ல மத்தியானம் வரைக்கும் மிதித்தாள். பொங்கலன்று அந்த வண்டியின் முன்னால் நின்று படம் எடுத்துக்கொண்டவர்கள் இருபதுக்கு மேல்.

வரவு செலவைப் பொருளாளர் தனியாக வாசிப்பார். சுருக்கமாகச் சொன்னால், பிரேக் செலவில் சங்கப் பணம் பாதி, மீதி என் கையிலிருந்தும் இரண்டு அண்ணாச்சிமாரிடமிருந்தும் போனது. கையிருப்பு சொல்லும்படி இல்லை. உறுப்பினர்களில் பாதிக்கு மேல் இரண்டு வருடச் சந்தா பாக்கி, பெயர் சொல்ல விரும்பவில்லை.

தலைவருக்கும், பொருளாளருக்கும், இடம் கொடுத்த மில்காரருக்கும், தச்சநல்லூர் மெக்கானிக்குக்கும் நன்றி.

அடுத்த ஆண்டு பின் வீல் சிலிண்டர்களும் ஹேண்ட் பிரேக் கேபிளும் மாற்ற வேண்டும். எனக்கும் வயசாகிறது, செயலாளர் பொறுப்பை இளையவர் ஒருவர் எடுத்துக்கொண்டால் வேண்டாம் என்று சொல்ல மாட்டேன். எடுக்க யாரும் வராவிட்டால் நானே பார்க்கிறேன், வேலையைப் பாதியில் விட மனசு வராது. ஞாயிறு காலை 7 மணிக்கு ஷெட் திறந்திருக்கும். பின் வீலுக்கு மறுபடி ஏர் எடுக்க வேண்டும், பெடல் மிதிக்க ஒரு ஆள் வந்தால் போதும்.