கொழிஞ்சாம்பாறைத் தமிழ் மன்றம் (பாலக்காடு மாவட்டம், கேரளம்): செயலாளரின் ஆண்டறிக்கை, 2013–14

தலைவர் அவர்களுக்கும் அவையோருக்கும் வணக்கம்.

பொங்கல் விழாவும் திருக்குறள் ஒப்புவித்தல் போட்டியும் நல்லபடியாக நடந்தேறின. வரவு செலவைப் பொருளாளர் வாசிப்பார். இவ்வாண்டு புதிதாகக் கையிலெடுத்த யுஎன்எல் பணியைப் பற்றியே விரிவாகச் சொல்ல விரும்புகிறேன்.

யுஎன்எல் (Universal Networking Language) என்பது, ஒரு மொழியில் உள்ள வாக்கியத்தின் பொருளைக் கணிப்பொறிக்குப் புரியும்படி எழுதி, அதிலிருந்து பிற மொழிகளுக்கு மாற்றுவதற்கென வகுத்த இடைமொழி. 1996இல் டோக்கியோவில் ஐக்கிய நாடுகள் பல்கலைக்கழகத்தில் தொடங்கியது. பின்னர் ஜெனீவாவிலுள்ள யுஎன்டிஎல் அறக்கட்டளையின் பொறுப்புக்கு வந்தது. இந்திய அரசியலமைப்பின் எட்டாம் அட்டவணையிலுள்ள 22 மொழிகளையும் ஒன்றுக்கொன்று நேரடியாக மொழிபெயர்க்க 462 பாதைகள் வேண்டும். இடைமொழி ஒன்றிருந்தால் போக 22, வர 22, ஆக 44 போதும். தமிழுக்கு இவ்வாய்வைச் சென்னை அண்ணா பல்கலைக்கழகத்தார் செய்திருக்கிறார்கள்.

இதற்குப் பங்களிக்க விரும்புவோர் பாடம் படித்து, தேர்வெழுதிச் சான்றிதழ் பெற வேண்டும். "தாய்மொழிக்கு எதற்கையா சான்றிதழ்?" என்று மூத்த உறுப்பினர் ஒருவர் கேட்டார். அவருடைய வருத்தம் புரிகிறது. ஆனால் இடைமொழியில் ஒருவர் செய்யும் பிழை எல்லா மொழிகளுக்கும் பரவிவிடும். தேர்வு வேண்டும் என்பதே என் உறுதியான கருத்து.

ஞாயிற்றுக்கிழமைப் பயிற்சி ஒன்றில் 'அம்மா கிணற்றில் தண்ணீர் இறைத்தாள்' என்ற வாக்கியத்தை இடைமொழியில் எழுத எடுத்துக்கொண்டோம். அதற்கு ஒவ்வொரு சொல்லும் வினையோடு என்ன உறவில் நிற்கிறது என்று குறிக்க வேண்டும். செய்பவர் அம்மா, செயப்படுபொருள் தண்ணீர், காலம் இறந்தகாலம் என்று விறுவிறுவென எழுதிவிட்டோம். 'கிணற்றில்' என்பதில் மாட்டிக்கொண்டோம். 'இல்' உருபு வந்ததால் அது இடம்தான் என்றனர் பலர். தண்ணீர் கிணற்றைவிட்டு மேலே வருகிறதே, அது புறப்படும் இடமல்லவா என்றார் ஆசிரியை ஒருவர். பக்கத்து வீட்டு மலையாளிகள் இதையே 'கிணற்றில் நின்னு', அதாவது கிணற்றிலிருந்து, என்கிறார்கள். அந்த 'நின்னு'தான் அன்றைய வழக்கைத் தீர்த்தது.

இருமொழிக் காதுள்ள நம்மவர்களுக்கு இந்த வேலை கைவந்தது. வெள்ளம் நமக்குப் பெருக்கு, அவர்களுக்குத் தண்ணீர். அவகாசம் நமக்குத் தவணை, அவர்களுக்கு உரிமை. மலையாளத்தில் வந்த ஓர் அலுவலகக் கடிதத்தில் 'அவகாசம்' என்றிருந்ததைத் தவணை என்று நினைத்து, நிலத்தில் தமக்கிருந்த உரிமையைக் கோராமலே இருந்துவிட்டார் நம் உறுப்பினர் ஒருவர். அவருடைய முகம் என் கண்ணைவிட்டு அகலவில்லை.

மூவர் தேர்வெழுதினார்கள், இருவர் தேறினார்கள். அவர்களுக்கு மன்றத்தின் பாராட்டுகள். மூன்றாமவர் மறுபடியும் எழுதப்போகிறார். அவருடன் சேர்ந்து படிக்க விரும்புவோர் ஞாயிறு மாலை 3 மணிக்கு மன்ற நூலகத்துக்கு வரலாம். கணிப்பொறி அங்கே தயாராக இருக்கும்.

இப்படிக்கு,
செயலாளர்