பிரேசியரின் லெஃப்ட் ஹூக்

ஆசிரியருக்கு வணக்கம்.

சென்ற இதழில் குத்துச்சண்டை வீரர் முகமது அலியைப் பற்றிய கட்டுரையில் ஜோ பிரேசியருக்குக் கிடைத்தது ஒரே வரி: மணிலாவில் அலியிடம் தோற்றவர். மனசு கேட்கவில்லை. 1980இல் நம் நேரு ஸ்டேடியத்தில் அலியோடு காட்சிப் போட்டி ஆடினாரே ஜிம்மி எல்லிஸ், அவரை 1970 பிப்ரவரியில் நான்கே ரவுண்டில் முடித்துத்தான் பிரேசியர் எல்லாரும் ஒப்புக்கொண்ட ஹெவிவெயிட் சாம்பியன் ஆனார். தொழில்முறைப் போட்டிகளில் அலியை முதன்முதலில் தோற்கடித்தவரும் அவரே: நியூயார்க், 1971 மார்ச் 8.

அன்று 15ஆவது ரவுண்டில் அலியை மல்லாத்திய லெஃப்ட் ஹூக்கை (முழங்கையை மடக்கி இடது கையால் பக்கவாட்டில் போடும் குத்து) ராயபுரம், வியாசர்பாடிப் பையன்கள் இன்றும் போனில் பார்த்துப் பழகுகிறார்கள். பார்ப்பது கையை மட்டும். வலது அப்பர்கட் (கீழிருந்து தாடைக்கு ஏறும் குத்து) போடும்முன் அலி அந்தக் கையைத் தாடையிலிருந்து இறக்குவார். அந்த நொடியில் ஹூக் போடச் சொல்லிக்கொடுத்தவர் கோச் எடி ஃபட்ச். பிரேசியர் ஆறடிக்குச் சற்றுக் குறைவு, அலி 6 அடி 3 அங்குலம். ஆகவே அலியின் ஜாபுக்கு (இடது கையை நேரே நீட்டிப் போடும் குத்து) அடியில் புகுந்துதான் உள்ளே போக வேண்டும். இடப்பக்கம் தாழும்போது எடை இடது காலில் இறங்கும். எழும்போது குதிகால் வெளிப்பக்கம் திரும்பி, இடுப்பு சுழன்று, மடங்கிய முழங்கை கடைசியில் வரும். சின்ன வயதில் பன்றி துரத்தி விழுந்ததில் அவருடைய இடது கை முழுதாக நீளாமலே போய்விட்டது. அந்த மடக்கு ஹூக்குக்கு வாகாக அமைந்தது. நம் பையன்கள் இடுப்பைத் திருப்பாமல் கையை வீசுகிறார்கள், கூடவே தாடையைக் காக்கும் வலது கை கார்டும் இறங்கிவிடுகிறது. எதிராளிக்கு அதுவே போதும்.

இதைச் சரிசெய்ய முதலில் கயிற்றுப் பயிற்சி. தோள் உயரத்தில் குறுக்கே கட்டி, முழங்காலை மடக்கி இந்தப் பக்கமும் அந்தப் பக்கமுமாகப் புகுந்து முன்னேற வேண்டும். மூன்று நிமிடம், ஒரு நிமிடம் ஓய்வு, நாலு ரவுண்டு. முதுகை வளைத்தால் கண் தரைக்குப் போகும், அப்பர்கட் நேரே தாடைக்கு வரும். 1973 ஜனவரியில் ஜமைக்காவின் கிங்ஸ்டனில் குனிந்து குனிந்து வந்த பிரேசியரைத் தள்ளித் தள்ளி நிறுத்தி அப்பர்கட் போட்டார் ஜார்ஜ் ஃபோர்மேன். இரண்டு ரவுண்டுக்குள் ஆறு தடவை கீழே. இந்தப் பாணியின் ஓட்டை அதுதான். ஹூக்கைக் கற்றுக்கொடுப்பவர்கள் இதையும் போட்டுக் காட்ட வேண்டும்.

மணிலாவில் 14 ரவுண்டு முடிந்து, கண் வீங்கி அடைத்த நிலையிலும் பிரேசியர் ஆடத்தான் நின்றார். வேண்டாம் என்று நிறுத்தியவர் ஃபட்ச். அடுத்த இதழில் இதையும் சேர்த்துத் திருத்தம் வெளியிடுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

குத்துச்சண்டைப் பயிற்சியாளர்,
காசிமேடு, சென்னை – 13