பிரெஞ்சு படிக்கும் பிள்ளைகளின் பெற்றோருக்கு ஒரு திறந்த மடல்

கனடாவின் ஒன்ராறியோ மாகாணத்தில் வாழும் தமிழ்ப் பெற்றோருக்கு வணக்கம்.

நம்மில் பலர் பிள்ளைகளைச் சிறுவயதிலேயே, பாடங்களைப் பிரெஞ்சிலேயே கற்பிக்கும் பிரெஞ்சு இமேர்ஷன் வகுப்பில் சேர்த்துவிடுகிறோம். பன்னிரண்டாம் வகுப்பு முடிந்ததும், அரசாங்க வேலைக்கு உதவும் ஒரு தகுதி கைக்கு வந்துவிட்டது என்ற நிறைவோடு அந்த மொழியை அங்கேயே விட்டுவிடுகிறோம். அத்தனை ஆண்டு உழைப்பும் பேச ஆளில்லாமல் கரைந்துபோவதை என் உறவினர் வீடுகளிலேயே பார்த்திருக்கிறேன். அந்தப் பிள்ளைகளில் சிலரையாவது, ஆங்கிலம், பிரெஞ்சு இரண்டிலும் வகுப்பு நடத்தும் ரொறன்ரோவின் கிளெண்டன் கல்லூரிக்கு அனுப்புங்கள் என்று கேட்கவே, அங்கே படித்தவள் என்ற உரிமையில் இதை எழுதுகிறேன்.

கிளெண்டன், யோர்க் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்தது. ஆனால் அதன் பெரிய கீல் வளாகத்திலிருந்து விலகி, பேவியூ அவெனியூவில், டொன் ஆற்றின் மேற்குக் கிளை ஓடும் பள்ளத்தாக்கை ஒட்டி அமைந்திருக்கிறது. ஒரு செல்வந்தரின் தோட்ட மாளிகையாக இருந்த அந்த இடத்தில் 1966இல் இந்தக் கல்லூரி திறக்கப்பட்டபோது அதன் முதல் அதிபராக வந்தவர் எஸ்கொட் ரீட். 1952 முதல் 1957 வரை இந்தியாவில் கனடாவின் உயர் ஸ்தானிகராக இருந்த அந்த இராஜதந்திரி, நாட்டின் பொதுவாழ்வுக்கு வருகிறவர்கள் ஆங்கிலம், பிரெஞ்சு இரண்டிலும் வாதாடத் தெரிந்தவர்களாக இருக்க வேண்டும் என்று விரும்பினார். ஆங்கிலத்துக்கும் பிரெஞ்சுக்கும் சம இடம் தந்த கனடாவின் ஆட்சிமொழிச் சட்டம் வந்ததோ அதற்கு மூன்று ஆண்டுகள் கழித்து, 1969இல்.

எனக்குப் பிரெஞ்சு நன்றாகத் தெரியும் என்று நினைத்துக்கொண்டுதான் அங்கே போனேன். முதல் வாரத்திலேயே, வட ஒன்ராறியோவின் டிம்மின்ஸ் நகரிலிருந்து வந்த, பிரெஞ்சைத் தாய்மொழியாகக் கொண்ட ஒரு மாணவி உணவுக்கூடத்தில் பேசியதில் பாதி எனக்குப் புரியவில்லை. நான் கற்றது பாடநூலின் மொழி. அவள் பேசியது அம்மம்மாவிடமிருந்து அவளுக்கு வந்த மொழி. எங்கள் அரசியல் வகுப்பில் இருபது பேர்கூட இல்லை என்பதால் வாய்மூடி ஒளிந்திருக்கவும் வழியில்லை. தப்பும் தவறுமாகப் பேசினேன்; திருத்தினார்கள்; மறுபடியும் பேசினேன். அப்பாவை ‘நீங்கள்’ என்றும் தம்பியை ‘நீ’ என்றும் அழைத்து வளர்ந்த எனக்கு, பிரெஞ்சில் அதே வேறுபாட்டை யாரிடம் எப்போது கைவிடலாம் என்பது, ஆங்கிலம் மட்டுமே பேசி வளர்ந்த நண்பர்களைவிட எளிதாகப் பிடிபட்டது. தமிழ் எனக்கு அங்கே துணையாக வரும் என்று நான் எதிர்பார்த்திருக்கவில்லை.

அந்த டிம்மின்ஸ் தோழியிடமிருந்துதான் 17ஆம் ஒழுங்குவிதியைப் பற்றி முதன்முதலில் கேள்விப்பட்டேன். 1912இல் ஒன்ராறியோ அரசு, பள்ளிகளில் பிரெஞ்சு வழிக் கல்வியை முதல் இரண்டு வகுப்புகளோடு நிறுத்தும்படி விதித்த கட்டுப்பாடு அது; பெற்றோரும் ஆசிரியர்களும் பல ஆண்டுகள் அதை எதிர்த்து நின்றார்கள். 1956இல் இலங்கையில் வந்த தனிச் சிங்களச் சட்டத்தைப் பற்றி வீட்டில் கேட்டு வளர்ந்த நான் அவளுக்கு எங்கள் கதையைச் சொன்னேன். இரண்டும் ஒன்றல்ல, விளைவுகளும் ஒன்றல்ல. ஆனாலும் அரசு ஒரு மொழியை ஒதுக்கும்போது அந்த மொழிக்காரர் வீட்டில் என்ன நடக்கும் என்பதை நாங்கள் இருவரும் ஒருவருக்கொருவர் விளக்க வேண்டியிருக்கவில்லை.

சிறிய வகுப்புதான் இத்தகைய கல்லூரியின் பலம். மாணவர் தொகை குறைந்தால் முதலில் வெட்டுப்படுவதும் சிறிய வகுப்புதான். 2021இல் வட ஒன்ராறியோவின் சட்பரி நகரிலுள்ள லோரன்சியன் பல்கலைக்கழகம் நிதி நெருக்கடியில் 69 பாடநெறிகளை மூடியபோது அவற்றில் 28 பிரெஞ்சு வழிப் பாடநெறிகள். 2019இல் மாகாண அரசு உள்நாட்டு மாணவர் கட்டணத்தைப் பத்து வீதம் குறைத்து, பின்னர் பல ஆண்டுகள் அதை உயர்த்தவிடாமல் வைத்ததிலிருந்து ஒன்ராறியோப் பல்கலைக்கழகங்கள் பலவும் நிதி நெருக்கடியைச் சந்தித்திருக்கின்றன. வெற்று இருக்கைகளைக் காட்டித்தான் வகுப்புகள் மூடப்படுகின்றன என்பதால், அந்த இருக்கைகளில் யார் உட்காருகிறார்கள் என்பதில் நமக்கும் பங்குண்டு என்று நான் நம்புகிறேன்.

எல்லாப் பிள்ளைகளுக்கும் கிளெண்டன் பொருந்தாது. பொறியியலோ மருந்தியலோ அங்கே கிடையாது. ஸ்காபரோவிலிருந்து தினமும் பேருந்து மாறி மாறிப் போவது களைப்பான வேலை. ஆனால் வரலாறு, அரசியல், உளவியல், பொருளியல், மொழிபெயர்ப்பு ஆகியவற்றில் நாட்டமுள்ள பிள்ளையிடம் “அதைப் படித்து என்ன செய்யப் போகிறாய்?” என்று கேட்டு மறித்துவிடாதீர்கள். ஒருவர் பேசுவதை உடனுக்குடன் இன்னொரு மொழியில் சொல்லும் மாநாட்டு உரைபெயர்ப்புக்கென்றே அங்கே ஒரு முதுகலைப் பட்டநெறி உருவாக்கப்பட்டது. நீதிமன்றங்களிலும் மருத்துவமனைகளிலும் நம் முதியவர்கள் உரைபெயர்ப்பாளருக்காகக் காத்திருந்த நாட்களை நினைத்துப் பார்த்தால், அந்தத் தொழிலின் அருமையை உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை.

ஜனவரி வந்தால் விண்ணப்பிக்கும் கடைசி நாள் நெருங்கிவிடும். அதற்கு முன் இலையுதிர் காலத்தில் ஒரு நாள் பிள்ளையோடு அங்கே போய்வாருங்கள். கட்டடங்களைச் சுற்றிப் பார்ப்பதோடு திரும்பிவிடாமல், அனுமதி கேட்டு, பிரெஞ்சில் நடக்கும் ஒரு வகுப்பில் பிள்ளையை ஒரு மணி நேரம் உட்காரவையுங்கள். வெளியே வந்ததும் பிள்ளை என்ன சொல்கிறது என்று கேளுங்கள்.

அன்புடன்,
கிளெண்டனின் பழைய மாணவி ஒருத்தி