பாஜியோவை வேண்டாம் என்றவர்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

கால்பந்துப் பயிற்சியாளர் கார்லோ அன்செலோட்டி பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். ஐரோப்பிய கிளப்புகளுக்கான சாம்பியன்ஸ் லீகில் ஐந்து கோப்பைகள், ஐரோப்பாவின் ஐந்து பெரிய லீகுகளிலும் பட்டம் என்று கணக்கெல்லாம் சரி. ஆனால் நட்சத்திரங்களைக் கையில் கொடுத்தால் யாரும் ஜெயிப்பார்கள் என்ற தொனியில் முடித்திருந்தது உறுத்தியது.

1997-இல் அவர் இத்தாலிய கிளப்பான பார்மாவின் பயிற்சியாளர். இத்தாலியின் நட்சத்திரத் தாக்குதல் வீரர் ராபர்ட்டோ பாஜியோ அங்கே வரத் தயாராக இருந்தார். அன்செலோட்டிதான் வேண்டாம் என்றார். காரணம் 4-4-2, அதாவது தற்காப்பில் நான்கு, நடுக்களத்தில் நான்கு, முன்னால் இரண்டு பேர் என்ற வியூகம். மிலனில் ஆடிய காலத்தில் பயிற்சியாளர் அரிகோ சாக்கியிடம் கற்ற முறை அது. நடுக்களத்தில் நான்கு பேர் ஒரே வரிசையாக நிற்பார்கள். ஸ்டிரைக்கருக்குப் பின்னால் இஷ்டப்படி திரிகிற பாஜியோ போன்றவருக்கு அதில் இடமில்லை. பாஜியோ போலோன்யாவுக்குப் போய் அந்த சீசனில் லீகில் 22 கோல் அடித்தார். தான் செய்தது தப்பு என்று அன்செலோட்டியே பிற்பாடு சொல்லியிருக்கிறார்.

அதோடு விட்டிருந்தால் சாதாரண ஆள். யுவென்டஸில் ஜிடேனுக்காகத் தன் முறையையே மாற்றிக்கொண்டார். அப்புறம் மிலனில் பிர்லோ. பத்தாம் எண் ஆட்டக்காரராக, அதாவது ஸ்டிரைக்கருக்குப் பின்னாலிருந்து தாக்குதலை நடத்துகிறவராக வளர்ந்தவரைத் தற்காப்பு வரிசைக்கு முன்னால் நிறுத்தினார். பிர்லோவிடம் வேகம் கிடையாது, பந்தைப் பறிக்கும் முரட்டுத்தனமும் கிடையாது. அதற்குப் பக்கத்தில் காட்டூசோ இருந்தார். பிர்லோ அந்த இடத்தில் முதலில் ஆடிப் பார்த்தது பிரெஷியா கிளப்பில். அங்கே பத்தாம் எண் யாரென்றால், அதே பாஜியோ! 2003, 2007 என்று மிலனுக்கு இரண்டு சாம்பியன்ஸ் லீக் கோப்பைகள். நடுவில் 2005 இறுதியாட்டத்தில் இஸ்தான்புல்லில் 3-0 முன்னிலையிலிருந்து தோற்றதும் உண்டு.

யாரை எங்கே நிறுத்துவது என்று பார்க்கும் இந்தக் கண் அன்செலோட்டிக்கு ஆடிய நாளிலேயே வந்திருக்க வேண்டும் என்பது என் எண்ணம். முழங்கால் காயங்களால் அவதிப்பட்ட நடுக்கள வீரர் அவர். 1984-இல் அவருடைய அணியான ரோமா சொந்த மைதானத்தில் ஐரோப்பியக் கோப்பை (சாம்பியன்ஸ் லீகின் பழைய பெயர்) இறுதியாட்டம் ஆடியபோது காயத்தால் வெளியே உட்கார்ந்திருந்தார். ஓட்டத்தை நம்ப முடியாதவன் நிற்கும் இடத்தை நம்பித்தானே ஆக வேண்டும்? அதே கோப்பையின் 1989 அரையிறுதியில் ரியல் மாட்ரிட்டை மிலன் 5-0 என்று நொறுக்கியபோது, தொலைவிலிருந்து அடித்த முதல் கோல் அவருடையது.

பேயர்ன் மியூனிக்கும் நாப்போலியும் அவரைப் பாதியில் அனுப்பியதை நான் மறைக்கவில்லை. ஆனால் அவர் பயிற்சியாளராக இருந்த முதல் அணியான ரெஜ்ஜியானாவில் எந்த நட்சத்திரம் இருந்தார்? இரண்டாம் டிவிஷனில் இருந்த அணியை 1996-இல் இத்தாலியின் முதல் டிவிஷனான சீரீ ஆவுக்கு ஏற்றிவிட்டார். கட்டுரையில் அதற்கு ஒரு வரிகூட இல்லை. அவருடைய பிரேசில் அணியைப் பற்றி எழுதும்போதாவது சேர்த்துக்கொள்ளுங்கள்.

இப்படிக்கு,
கால்பந்து வாசகர், திருச்சி