வேலியோரக் கோவை

அன்புள்ள ராஜாவுக்கு,

அம்மா எழுதுவது. இங்கு எல்லாரும் நலம். போன தடவை வந்தபோது வேலியைச் சுத்தம் செய்கிறேன் என்று கோவைக்கொடியைப் பிடுங்கி எறிந்தாய். அப்போது ஒன்றும் சொல்லவில்லை. நீ கிளம்பிப் போனபின் இரண்டு நாள் மனசே சரியில்லை. ஒரு கொடிக்காகவா என்பாய். சொல்கிறேன்.

சின்ன வயதில் எங்களுக்குச் சிலேட்டைக் கறுப்பாக்கக் கோவை இலைதான். அடுப்புக்கரியை நுணுக்கி, இலையோடு கசக்கித் தேய்த்து வெயிலில் வைத்தால் கன்னங்கரேலென்று ஆகிவிடும். அஞ்சாவதோடு போதும் என்றார் உன் தாத்தா. பருத்தி எடுக்க ஆள் வேண்டுமே. எங்கள் வாத்தியார் மூன்று நாள் திண்ணையில் வந்து உட்கார்ந்து பேசித்தான் என்னை மீட்டார்.

1962-இல் பயிற்சி முடித்து வேலையில் சேர்ந்தேன். எட்டயபுரம் பக்கம் பஞ்சாயத்து யூனியன் பள்ளி. பஸ்ஸை விட்டு இறங்கி இரண்டு மைல் கரிசலில் நடக்கணும். மழை பெய்துவிட்டால் செருப்பு கையில்தான். ஒரே கூடத்தில் மூன்று வகுப்பு. நான் 'அ' எழுதினால் பக்கத்தில் வாய்ப்பாட்டுச் சத்தம் காதைப் பிளக்கும்.

மத்தியானச் சாப்பாடு காமராஜர் 1956-லேயே கொண்டுவந்தது. என் காலத்தில் அமெரிக்கப் பால் பவுடரும் மக்காச்சோள மாவும் சேர்ந்துகொண்டன. மூட்டையில் இரண்டு கை குலுக்கிக்கொள்கிற படம் போட்டிருக்கும். அந்தச் சாக்கில் டவுசர் தைத்துப் போட்டு வந்த பையன்கூட உண்டு. கைகுலுக்கல் சரியாகப் பின்பக்கம்.

மூன்றாம் வகுப்பில் ஒரு பெண். பெயர் வேண்டாம், உனக்குத் தெரிந்த குடும்பம். தம்பியை இடுப்பில் வைத்துக்கொண்டுதான் வருவாள். இறக்கிவிட்டால் அழுவான் என்று ஜன்னல் திண்டில் சிலேட்டை வைத்து நின்றபடியே எழுதுவாள். சாப்பாட்டுக் கணக்கும் வருகைப் பதிவும் ஒத்துப்போக வேண்டும். தம்பிக்குப் பதிவில் பெயர் இல்லை, அதனால் தட்டும் இல்லை. தன் தட்டில் பாதிக்கு மேல் அவனுக்கு ஊட்டிவிட்டு விரலை நக்குவாள். ஒரு வாரம் பார்த்தேன். அப்புறம் தினமும் வராத பிள்ளை ஒன்றுக்கு 'வந்தது' என்று போட்டு, அந்தப் பங்கை அவனுக்குக் கொடுத்தேன்.

ஒருநாள் ஆய்வுக்கு வந்த அதிகாரி தலைகளை எண்ணினார். ஒன்று குறைந்தது. இடுப்பில் இருந்தவனை அவர் எண்ணவில்லை. "சோத்துல கை வைக்கிற டீச்சரா நீங்க?" என்றார், பிள்ளைகள் முன்னாலேயே. நான் அவனைக் காட்டியிருக்கலாம். காட்டினால் மறுநாளிலிருந்து தம்பியை உள்ளே விடமாட்டார்கள், அக்காவும் நின்றுவிடுவாள். 'கவனக்குறைவு' என்று எழுதிக் கொடுத்தேன். உன் அப்பாவிடம்கூட இதைச் சொன்னதில்லை.

மறுநாள் காலை நான் போவதற்குள் அவள் பாவாடை நிறையக் கோவை இலையோடு வந்து கரும்பலகையைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். தம்பி தரையில் உட்கார்ந்திருந்தான், அழாமல். அவள் கை எட்டிய உயரம் வரை நல்ல கறுப்பு, அதற்கு மேலே பழைய சாம்பல் நிறம். மேல்பாதியை ரொம்ப நாள் நான் பூசவே இல்லை.

சரி, கிழங்கு உள்ளே இருந்திருக்கும் போல, கொடி மறுபடி துளிர்த்திருக்கிறது. பொங்கலுக்கு வரும்போது அரிவாளைத் தொடாதே. முறுக்கு மாவு அரைத்து வைக்கிறேன், போகும்போது எடுத்துப் போகலாம்.

அன்புடன்,
அம்மா